அமைதி வந்த பிறகு எடுத்த அளவு

அப்பாவின் நோட்டில் ஒரே ஒரு காலை காலியாக இருக்கிறது. பதினான்கு மாதம், காலையும் மாலையும், அளவுகோல் வைத்துக் கோடு போட்ட கட்டங்களில் நீல மையில் எண்கள். 128, 131, 126, 133. கடைசிப் பக்கத்தில் தேதியை மட்டும் எழுதியிருக்கிறார். அன்று காலை பத்தரை மணிக்கு வேலை செய்யும் இடத்தில் விழுந்தார். நான்காம் நாள் போய்விட்டார். மூளைக்குள் ரத்தக் கசிவு. காரணம் என்ற இடத்தில் மருத்துவமனைத் தாளில் எழுதியிருந்தது உயர் ரத்த அழுத்தம்.

அந்த நோட்டில் உயர் ரத்த அழுத்தம் எங்கேயும் இல்லை.

இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளைச் சோதித்துச் சரிசெய்வது என் தொழில். அப்பாவிடம் இருந்த கருவி நான் கொடுத்தது. அது தப்பாகக் காட்டியிருந்தால் பிழை என்னுடையது. கருவி சரியாகக் காட்டி, அவர் மாற்றி எழுதியிருந்தால், எனக்குத் தெரியாத ஒரு மனிதரை முப்பத்தாறு வருடமாக அப்பா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான கூடம். துவைத்துப் பிழிந்த கட்டில் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். மறுபக்கம் சுருக்கமில்லாமல் வரும். ஒரு ஷிஃப்டில் எண்ணூறு விரிப்பு. அப்பாவின் எதிர்முனையைப் பிடிப்பவர் ஆறரை அடி உயரம். அவருக்குப் பெயர் ஒட்டகம். அப்பாவுக்குப் பெயர் நீராவி. கோபம் வந்தால் அப்பா பேச மாட்டார், மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு விடுவார். வால்வைத் திறந்தால் வருகிற அதே சத்தம்.

பள்ளி விடுமுறையில் சாப்பாடு கொண்டு போகும்போது பார்த்திருக்கிறேன். விரிப்பு உருளைக்குள் நுழைகிற அந்த இரண்டு விநாடியில் அப்பாவின் உதடு அசையும். ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு வரி. இதில் படுக்கிறவங்க எழுந்து நடந்து வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான் வரி.

ஒட்டகம் சும்மா இருக்க மாட்டார்.

"அண்ணே, எல்லாரும் எழுந்து போயிட்டா நமக்கு வேலை ஏது?"

"நீ முனையை இழுத்துப் பிடி."

"அப்ப பிணவறைக்குப் போற துணி? அதுக்கும் இதே வரிதானா? எழுந்து நடந்து வந்தா வாட்ச்மேன் செத்துடுவான்."

"அதுக்கு வேற வரி," என்றார் அப்பா. சிரிக்கவில்லை. ஒட்டகம் சிரித்த சிரிப்பில் விரிப்பு கோணலாக உள்ளே போய்விட்டது. மூக்கிலிருந்து நீராவி வந்தது.

அவருடைய பக்தி வீட்டில் இடத்தை அடைக்காத பக்தி. படுக்கை அறை ஜன்னலோரம் முதுகு நேராக நிற்கும் ஒரு மர நாற்காலி, அவ்வளவுதான். காலையில் வேலைக்குப் போகும் முன்பும், சாயங்காலம் வந்து குளித்த பின்பும் அதில் கண்ணை மூடி உட்காருவார். வாரத்தில் ஒருநாள் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போவார். அங்கே கடைசி வரிசை. யாரையும் கூட வரச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு அந்த நாற்காலிமேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

"அவ்வளவு நேரம் சாமிகிட்ட என்னதான் பேசுவீங்க? என்கிட்ட நாலு வார்த்தை பேசறதுக்கு வாய் வலிக்குது."

"அவர் குறுக்க பேச மாட்டாரு," என்றார் அப்பா.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாவே நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. கருவித் தொழில்நுட்பம் படிக்கப் போன பிறகு அது எப்போது போனது என்று தேதி சொல்லத் தெரியவில்லை. அப்பா அதை ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

"உனக்கு அவர்கிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?"

"அளக்க முடியாததை நான் நம்புறதில்லப்பா."

"சரி. அளந்து பாரு."

அதில் கிண்டல் இல்லை. என் வேலையை அவர் மதித்தார். வீட்டில் என்னை அவர் கூப்பிட்டது மெஷின் டாக்டர் என்று.

ஐம்பத்தேழு வயதில், வேலையிடத்து உடல் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 178 என்று வந்தது. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். அப்பா அவற்றை ஒருநாள்கூட விட்டதில்லை. பிரார்த்தனைக் கூடத்தில் ஒருவர், முழு நம்பிக்கை இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டாராம். "நீங்க சொன்னா எப்படி? அவர் சொல்லட்டும், நிறுத்திடறேன்," என்று இவர் மேலே கையைக் காட்டியிருக்கிறார். "அவர் சொல்லலையே. மாத்திரையும் அவர் கொடுத்ததுதான்" என்று எங்களிடம் விளக்கினார். நம்பிக்கைக்கும் மருந்துக்கும் அவருக்குள் சண்டையே இருந்ததில்லை. இதை எழுதி வைக்க வேண்டும். பிறகு நடந்ததை வைத்து அவரை யாரும் வேறு மாதிரி நினைக்கக் கூடாது.

கருவியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் தானே காற்றேற்றி எண் காட்டும். கூடவே எப்படி அளக்க வேண்டும் என்று ஏழு வரி எழுதி, நாற்காலிக்கு நேராகச் சுவரில் ஒட்டினேன். முதுகு சாய்ந்திருக்கவும். பாதம் தரையில் படட்டும். அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கவும். இப்படி ஏழு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது வரிமேல் விரலை வைத்தார்.

"இது எனக்குத் தெரியும்," என்றார்.

நான் சிரித்தேன்.

ஒன்பது மாதம் எண்கள் அழகாக வந்தன. பிறகு ஒரு தொந்தரவு. கீழே கூடையில் குனிந்து விரிப்பை எடுத்து நிமிரும்போது தலை சுற்றுகிறது என்றார். டாக்டரிடம் நானும் போனேன். அங்கே அளந்தால் 166. டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார்.

"வெள்ளைக் கோட்டைப் பார்த்தா இவருக்கு ஏறிடுது, டாக்டர். வீட்டுல சரியா இருக்கு," என்று நோட்டை நீட்டினேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்றார்.

"மெஷின் சரியா இருக்கா?"

"நானே சோதிச்சது. மூணு புள்ளிக்கு மேல தப்பாது."

"அப்ப தலைசுத்தல் மருந்தாலதான் இருக்கும். ஒரு மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம்."

நடைபாதையில் அப்பா என் தோளைத் தட்டினார். "மெஷின் டாக்டர் சொன்னா டாக்டரே கேக்கறாங்க!"

ஐந்து மாதம் கழித்து அவர் உருளைக்கு முன்னால், கையில் விரிப்பின் முனையைப் பிடித்தபடி சாய்ந்தார். ஒட்டகம் முதலில், விரிப்பு சிக்கிவிட்டது என்று நினைத்து இயந்திரத்தைத்தான் நிறுத்தியிருக்கிறார். அவரே தூக்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினார். இருபத்தொன்பது வருடம் கீழே இருந்து துணி அனுப்பிய கட்டிடத்தில், அப்பா நான்கு நாள் மேலே படுத்திருந்தார். கண் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒட்டகம் சீருடையோடு வந்தார். கட்டிலருகே நின்று, தொங்கிக்கொண்டிருந்த விரிப்பின் ஓரத்தை விரலால் தடவினார். எந்த ஷிஃப்டின் துணி என்று காட்டும் தையல் குறியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம ஷிஃப்ட்ல போனதும்மா. அண்ணன் கைபட்டது. இதுக்கும் சொல்லியிருப்பாரு."

 சொல்லியிருந்தால், பலிக்கவில்லை. அன்று அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்போடுதான் அப்பாவை அனுப்பிவைத்தேன்.

ஏழு வாரம் கழித்துக் கருவியை என் வேலை மேசைக்குக் கொண்டுவந்தேன். உடனே கொண்டுவரத் தைரியம் இல்லை. அழுத்தத்தைத் தெரிந்த அளவில் கொடுக்கும் பம்பில் குழாயை மாட்டி, ஆறு அளவுகளில் சோதித்தேன். மூன்று முறை. பிழை ஒரு புள்ளி.

கருவி சரி.

அப்படியானால் அப்பா.  பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. சோதனை முடிந்த கருவியின் நினைவகத்தை அழித்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்போம். யாருடைய அளவோ, அது நமக்கு எதற்கு. தினமும் பத்துக் கருவிக்கு இதைச் செய்கிறேன். அன்றும் பெருவிரல் அழிக்கும் பொத்தான்மேல் போய்விட்டது. நினைவகம் என்று ஒன்று இதிலும் இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. பதினான்கு மாதம் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். நோட்டைத்தான் புரட்டினேன். மெஷின் டாக்டர் மெஷினைத் திறந்து பார்க்கவில்லை.

விரலை எடுத்தேன்.

கடைசித் தொண்ணூறு அளவுகள் நேரத்தோடு இருந்தன. ஒரு காலையை எழுதுகிறேன். 5:41-க்கு 171. 5:55-க்கு 160. 6:09-க்கு 148. 6:22-க்கு 134. நோட்டில் அந்தக் காலைக்கு 134. அதற்கு முந்தின காலையும் அப்படியே. மாலைகளும் அப்படியே. ஒவ்வொரு வேளையும் நாலு, ஐந்து தடவை எடுத்திருக்கிறார். நோட்டில் கடைசியாக வந்தது மட்டும்.

காலியான அந்தக் காலையையும் பார்த்தேன். ஏழு தடவை. 184, 179, 176, 170, 172, 168, 165. கடைசி அளவு 7:05. அவர் வீட்டைவிட்டுக் கிளம்புகிற நேரம் ஆறு நாற்பது.

எனக்குக் கோபம்தான் வந்தது. தேர்வில் பிட் அடிக்கிற பையன் மாதிரி, நல்ல எண் வரும்வரை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த எண்ணை நம்பி நான் டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசியிருக்கிறேன். எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு, கருவியையும் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனேன்.

அம்மா அப்பாவின் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சலவைக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"அங்க போனா அவங்களே துவைச்சு இஸ்திரி போட்டுக்குவாங்கம்மா."

"போடட்டும். நான் கசங்கலா கொடுக்க மாட்டேன். இத்தனை வருஷம் ஊர் துணியெல்லாம் போட்டாரு, தன் சட்டைக்கு ஒருநாள் போட்டாரா? நான்தானே போட்டேன்."

"அம்மா, அப்பா பிரஷர் எத்தனை தடவை எடுப்பாரு?"

"அமைதி வர்ற வரைக்கும்."

"என்னது?"

"அமைதி வர்ற வரைக்கும்டி. ஏன் முறைக்கறே? நீதானே எழுதி ஒட்டினே."

இஸ்திரிப் பெட்டியோடு கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். தாள் ஓரங்கள் பழுத்துப்போயிருந்தன. மூன்றாவது வரி. அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கவும்.

"அஞ்சு நிமிஷம்னுதானே போட்டிருக்கேன்?"

"அவரும் அதைத்தான் சொன்னாரு. பிள்ளைக்கு அனுபவம் இல்லை, அஞ்சு நிமிஷத்துல எல்லாம் வராதுன்னாரு. ஒரு தடவை எடுப்பாரு. பார்ப்பாரு. இன்னும் வரலைன்னு கண்ணை மூடிக்குவாரு. மறுபடியும் எடுப்பாரு. வந்திருச்சுன்னா எழுதுவாரு."

"முதல்ல வந்த நம்பரை ஏன் எழுதலை?"

"அது அமைதி வர்றதுக்கு முன்னாடி வந்தது. அதை எழுதினா தப்பு இல்லையா? நீ டாக்டர்கிட்ட காட்டப் போறே. பிள்ளைக்குத் தப்பான நம்பர் போயிடக் கூடாதுன்னு உட்கார்ந்திருப்பாரு மனுஷன். நான் காபி ஆறுதுன்னு கத்துவேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் தொழிலில் அமைதி என்றால், பேசாமல் இருப்பது. காலை ஆட்டாமல் இருப்பது. மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவது. அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆயிரக்கணக்கான கருவிகளோடு அந்த வரியை அனுப்பியிருக்கிறோம். அப்பாவின் அகராதியில் அமைதி என்பது அவர் நாற்பது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்த ஒன்று. எனக்குத் தெரியும் என்று அவர் விரலை வைத்தது அதன்மேல்தான். அவர் பொய் எழுதவில்லை. நான் எழுதிய ஏழு வரிகளை, நான் பார்த்ததிலேயே மிகச் சரியாகப் பின்பற்றியவர் அவர்தான்.

"கடைசி நாளு?" என்று கேட்டேன்.

அம்மா சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டார். கொஞ்ச நேரம் அதையே தேய்த்தார்.

"அன்னைக்கு வரவே இல்லை. மணி ஏழு தாண்டிருச்சு. தலை பாரமா இருக்குன்னாரு. லீவு போடுங்கன்னேன். ஒட்டகம் ஒத்தை முனையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்னு கிளம்பிட்டாரு. பிள்ளைக்கு ஒரு போன் போடட்டுமான்னு கேட்டேன்டி. அமைதி வராததுக்கு அவ என்ன பண்ணுவா, அவளை ஏன் பயமுறுத்தறேன்னாரு."

165. அந்த எண்ணோடு ஒரு போன் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நிமிடக் கணக்கில் தெரியும்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் அம்மா. "மறைக்காம சொல்லு. உனக்கு இதெல்லாம் தெரியும். அவ்வளவு வேண்டினாரே. ஒண்ணுத்துக்குமே உதவலையா?"

கையிலிருந்த தாளைப் பிரித்தேன். ஏழு வாரமாக எனக்குள் இருந்த பதில் வேறு. தாளில் இருந்தது வேறு.

"இறங்கியிருக்கும்மா. பாரு. நூத்தி எழுபத்தொண்ணுல உட்கார்ந்திருக்காரு. நாற்பது நிமிஷத்துல நூத்தி முப்பத்திநாலு. ஒவ்வொரு வேளையும் இறங்கியிருக்கு."

அம்மா எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "சாமி இறக்கினாரா?"

"அது இதுல தெரியாது. மாத்திரையும் வேலை செஞ்சிருக்கும். சும்மா உட்கார்ந்தாலே கொஞ்சம் இறங்கும். எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. ஆனா இறங்கினது நிஜம். எழுந்து வேலைக்குப் போனதும் ஏறியிருக்கும். அதை யாரும் அளக்கலை."

அளந்து பாரு என்று அவர் சொன்னார். அளந்தேன். அவருடைய நாளில் மிக நல்ல இரண்டு நிமிடங்களை மட்டும் பதினான்கு மாதம் அளந்து, அதுதான் அவர் என்று டாக்டரிடம் சொன்னேன்.

"மாத்திரையைக் குறைக்க வச்சது நான்மா," என்றேன். "அந்த நோட்டைக் காட்டி. மெஷின் சரின்னு நான்தான் சொன்னேன்."

அம்மா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஒயரைச் சுற்றி வைத்தார். இல்லையம்மா, உன்மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. அம்மா அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

"அன்னைக்கு உங்கப்பா தரையிலயே நடக்கலை," என்றார். "டாக்டரே நம்ம பிள்ளை பேச்சைக் கேட்டாங்கன்னு மூணு நாள் சொல்லிக்கிட்டிருந்தாரு. பிரார்த்தனைக் கூடத்துல போய் எல்லார்கிட்டயும் சொன்னாராம். கடைசி வரிசையில வாயைத் திறக்காத மனுஷன்."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"எனக்கும் பாரு. மூணு வாரமா தலை கனமா இருக்கு."

மூன்று வாரமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது.  பட்டையைச் சுற்றினேன். அப்பாவின் கைக்கு இருந்த மடிப்பு அதில் அப்படியே இருந்தது. இரண்டு விரல் அளவு இறுக்கினேன்.

"பேசாதேம்மா."

"நான் எங்கே பேசறேன்?"

"இப்ப பேசறே."

காற்று ஏறியது. இறங்கும்போது, வால்விலிருந்து, மூக்கு வழியாக யாரோ நீளமாக விடுகிற மாதிரி ஒரு மூச்சு. இருவருமே கருவியைப் பார்த்தோம். 158.

"அதை எழுதாதே," என்றார் அம்மா. "இப்பதானே அழுதேன். இரு, இன்னும் அமைதி வரலை."

நோட்டுக்குள்ளேயே நீலப் பேனா இருந்தது. அப்பாவின் காலிக் கட்டத்தை நான் தொடவில்லை. அதற்குக் கீழே தேதி போட்டு, 158 என்று எழுதினேன்.